ஐந்நூற்று அறுபத்தெட்டு

திங்கட்கிழமை சந்தைக்குப் பின்னால்
காஜா மைதீன் கடையில்
என் பிளாஸ்க் தனியாக ஓரத்தில் நிற்கும்.
உறையாமலிருக்க சிட்ரேட் முன்பே போட்டுவைத்தது.
ஆட்டு ரத்தம், அரை லிட்டர்.
காசு வாங்கமாட்டார். ரத்தத்துக்குக் காசு கூடாதாம்.
வரிசையில் நிற்பவர்கள்தான் கேட்பார்கள்,
பொரியலுக்கா என்று.

சுழற்றி, கழுவி, செல்களை உடைத்து
எஞ்சிய தெளிவான சிவப்பில்
கார்பன் மோனாக்சைடைக் குமிழி குமிழியாக விடுவேன்.
ரத்தம் அதைப் பிடித்துக்கொள்ளும்,
பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக.
நிறம் மாறும். பஸ் ஸ்டாண்ட் தேன்மிட்டாய் மாதிரி
ஒரு பொய்யான ஆரோக்கியம்.

அளவெடுப்பது ராத்திரியில்தான்.
பகலில் புதுவயல் அரிசி ஆலைகள்
மின்சாரத்தை இழுத்துக்கொள்ள
லேசர் நொண்டும்.

இந்த ஊர்ச் சன்னல் கண்ணாடிகளுக்கு
நிறம் ஒருமுறை முடிவானால் முடிவானதுதான்:
நீலம் நீலம், பச்சை பச்சை.
இது அப்படியில்லை.
சாயக் கரைசல் குழாயில் ஓட, திருகைத் தொட்டால்
மஞ்சளின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும்
நானோமீட்டர் நானோமீட்டராக ஒளி நகரும்.
ஐந்நூற்று ஐம்பத்தைந்தில் ரத்தம் பாதி காதில் வாங்கும்.
ஐந்நூற்றுத் தொண்ணூறில் திரும்பிக்கூடப் பார்க்காது.
ஐந்நூற்று அறுபத்தெட்டில் நிறுத்தினால்
அப்படியே குடித்துவிடும்.

குடித்ததும் இரும்பு கைவிடும்.
விடுபட்டதில் பாதிக்கு
புரதத்தின் வாசலைத் தாண்ட வாய்ப்பதில்லை;
வெளியே கால் வைக்குமுன்னே, இமைக்கும் நேரத்தில்
பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள்
பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.
மீதி கொஞ்சம் அலைந்துவிட்டு வரும்.
ஆசிலோஸ்கோப்பில் அது ஒரு கோடு:
செங்குத்தாக விழுந்து
சோம்பலாக ஏறும்.

லேசருக்குத் தண்ணீர் ஓட்டம் பார்க்கும் சேவுகமூர்த்தி
நான்கு வருஷமாக இந்தக் கோட்டைப் பார்க்கிறார்.
அன்றைக்குத்தான் கேட்டார்,
குடுவையில் என்ன வாயு என்று.
சொன்னேன்.

"கண்டனூர் கல்யாண வீட்ல
எங்க மச்சினன் சின்னழகு.
ஐப்பசி மழை. ஜெனரேட்டர நனையவேணாம்னு
உள்ரூமுக்குள்ள வச்சு, அவனும் பக்கத்துலயே படுத்துட்டான்.
காலைல பாத்தா மூஞ்சி அம்புட்டு செவப்பு.
தூங்குறான்னுதான் நெனச்சோம்.
மாப்பிள்ளையவிட இவந்தான்டா மாப்பிள்ளைன்னு
யாரோ சிரிச்சாங்க."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப, இந்த லைட்ட அவன்மேல அடிச்சிருந்தா
விட்டிருக்குமா மேடம்?"

தோலின் தடிமன், ஒளி எட்டும் ஆழம்,
ஐந்து லிட்டர் ரத்தத்துக்கு எத்தனை ஜூல்,
எல்லாம் வாய்வரை வந்தன.
"விடும்," என்றேன். "திரும்பப் பிடிச்சுக்கும்."

"எம்புட்டு நேரம் விடும்?"

"ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு.
கூடிப்போனா ரெண்டு பங்கு."

அவர் கணக்குப் போடுவதுபோல நின்றார்.
"இன்னொருக்க அடிங்க," என்றார்.

விளக்கை அணைத்தோம்.
நொடிக்குப் பத்து.
ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு விழுந்தது, ஏறியது.
ஏதோ ஒரு ஆட்டின் இரும்பு
பிடித்ததை விட்டது, பிடித்தது, விட்டது.
அவர் கை முகத்துக்குப் போவதை
திரை வெளிச்சத்தில் கண்டு
"கண்ணாடியக் கழட்டாதீங்க" என்று
கத்தவேண்டியதாயிற்று.
விதி அது. சிதறும் ஒளி பட்டால் பார்வை போகும்.
கையை இறக்கிக்கொண்டார்.
கண்ணாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

சராசரிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு துடிப்பு போதும்.
அன்று ஆயிரத்தைத் தாண்டியும் நிறுத்தவில்லை.
குறிப்பேட்டில் தேதி, அலைநீளம், வெப்பம் எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் காலி.

அடுத்த திங்களும்
பிளாஸ்க் ஓரத்தில் நின்றது.